வெறும் மேடையின் அருமை

யூரோவிஷன் பாட்டுப் போட்டி 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் தொடங்கியது. டி.வி.யில் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் பாடகரை விட்டு மேடைக்கே போகும். ஏன் என்கிறீர்களா? நான் ஜவுளிக் கடைக்காரன். ஒருவருக்கு விரித்த சேலையை மடித்தெடுத்தால்தானே அடுத்தவருக்கு விரிக்கலாம்? அங்கேயும் இதே கதைதான். ஒரு பாட்டுக்கு 3 நிமிடம். முடிந்ததும் ஒரு குறும்படம் ஓடும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் பழைய பொருள்களைத் தள்ளிக்கொண்டு போய்ப் புதியவற்றை நிறுத்தியாக வேண்டும்.

ஆகவே மேடை அமைப்பவர் எல்லாப் பாட்டுக்கும் பொதுவாக யோசிக்க வேண்டியிருக்கிறது. 2022-இல் இத்தாலியின் டூரினில் சுழலும் வளைவுகளை வைத்தார்கள். அவை நினைத்தபடி சுழலவில்லை. அதை நம்பி வந்த நாடுகள் கடைசி நேரத்தில் காட்சியை மாற்றவேண்டியதாயிற்று. 2018-இல் லிஸ்பனில் ஃப்ளோரியன் வீடர் அமைத்த மேடையிலோ பெரிய எல்.இ.டி. திரையே கிடையாது. கடலையும் கப்பலையும் நினைவூட்டும் வளைவுகள், விளக்குகள், அவ்வளவுதான். 43 நாடுகளும் தத்தம் கற்பனையால் அதை நிரப்பின.

கடை வைத்த புதிதில் பலகை முழுக்கச் சரக்கை அடுக்கி, அதுவே அழகு என்றிருந்தவன் நான். விரிக்க இடமில்லாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போனபோதுதான் புத்தி வந்தது.