மூச்சு வழி – 9: எழுபத்தொன்றும் ஒன்றும்

கொட்டாஞ்சேனை மாமியின் கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. விடாத இருமல், காசநோயோ என்று அலைந்த மாதங்கள், கடைசியில் நுரையீரலில் கட்டி. தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும்; புதிதாக வந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் மஹரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கக் காசு சேர்த்த கதையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆசிரியரும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கிறார். ஆனால் பழைய ஆய்வொன்றின் அட்டவணையில் இரண்டு எண்களைக் கண்டுவிட்டேன். 71, 1. அதற்குப் பிறகு வேறெதுவும் எழுத ஓடவில்லை.

ஜெஃபிடினிப் என்றொரு குளிசை. நுரையீரல் புற்றுநோய்க்கு நாளுக்கு ஒன்று. 2002இல் ஜப்பானும் 2003இல் அமெரிக்காவும் அனுமதித்தன. மேற்கு நாடுகளில் பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. 1,692 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2004 கடைசியில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் மருந்து ஆயுளைக் கூட்டவில்லை. அடுத்த வருடமே அமெரிக்கா புதிய நோயாளிகளுக்கு அதைக் கட்டுப்படுத்திவிட்டது. கைவிடப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேரவேண்டியது.

ஆனால் அந்தப் பத்தில் ஒருவர் யார்? சாகக் கிடந்து எழுந்து நடந்தவர்களில் பெண்கள் அதிகம், ஆசியர்கள் அதிகம், வாழ்க்கையில் சிகரெட்டே தொடாதவர்கள் அதிகம். 2004இல் பொஸ்டனில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் காரணத்தைப் பிடித்தன. அவர்களுடைய கட்டிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறியிருந்தது. ஒரு குழு ஜப்பானிய நோயாளிகளின் 58 கட்டிகளைச் சோதித்தது; 15இல் அந்த மாற்றம். அமெரிக்கக் கட்டிகள் 61. மாற்றம் இருந்தது ஒன்றே ஒன்றில்.

இனித்தான் என் இரண்டு எண்கள். ஹொங்கொங்கின் டோனி மோக் தலைமையில் கிழக்காசியாவில் 1,217 பேரிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. மரபணு மாற்றம் இருந்தவர்களில் குளிசை எடுத்த 100 பேரில் 71 பேருக்குக் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில் 100க்கு 1. அந்த இல்லாதவர்களுக்கே கீமோ கொடுத்தபோது 100க்கு 23, 24 பேருக்காவது பலன் இருந்தது. அதே குளிசை, அதே பெயருடைய நோய். சோதிக்காமல் கொடுத்தால் ஒருவருக்கு உயிர் மருந்து, இன்னொருவருக்கு வீணான மாதங்கள். 2015இல் அமெரிக்கா மாற்றம் உள்ளவர்களுக்கென்று அதே மருந்தைத் திரும்ப அனுமதித்தது.

இதை மாமிக்கு 112ஆம் இலக்க பஸ்ஸில் வைத்துச் சொன்னேன். கொட்டாஞ்சேனையில் ஏறினால் மாறாமல் மஹரகமையில் இறக்கிவிடும் பஸ் அது. மாமி முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப பிள்ளை, என்னைப் பார்க்க வாறவைக்கு இதைச் சொல்லு. நான் சொல்லிக் களைச்சுப்போனன்."

வருபவர்கள் நெஸ்டமோல்ட் பக்கெட்டோடு கேள்வியொன்றையும் கொண்டுவருவார்கள். "மாமா சிகரெட் பத்துறவரோ?" மாமா பத்தியதில்லை என்றால், "அப்ப விறகடுப்போ?" அதுவும் இல்லையென்றால் சாம்பிராணி. குற்றவாளி கிடைக்கும்வரை விசாரணை முடியாது.

புகைதான் இந்நோயின் முதற்காரணம், அதில் மாற்றுக் கருத்தில்லை. 2015இல் இருந்து இங்கே சிகரெட் பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் பிடித்திருப்பதும் நியாயமே. ஆனால் நோய் வந்த பிறகு அந்தக் கேள்வி எவருக்கும் மருந்தாவதில்லை. ஏழு ஆசிய நாடுகளிலும் பிரதேசங்களிலும் நுரையீரலின் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோயாளிகளைச் சோதித்த ஆய்வு 2014இல் வந்தது. பாதிப் பேருக்கு அந்த மரபணு மாற்றம். இந்தியாவில் குறைவு, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். புகைக்காதவர்களில் அதிகம்தான், ஆனால் புகைத்தவர்களிலும் கணிசமானோருக்கு இருந்தது. வாழ்க்கைக் கதையைக் கேட்டுத் தீர்மானிக்க முடியாது, கட்டியைத்தான் சோதிக்கவேண்டும்.

கிளினிக்கில் மாமிக்குப் பக்கத்துக் கதிரையில் அடிக்கடி ஒரு ஐயா இருப்பார். துறைமுகத்தில் வேலை செய்தவர், பீடி பத்தியவர். ஒருநாள் யாரோ கேட்க, மாமி வழக்கம்போல "நான் ஒருநாளும் பத்தினதில்லை, எங்கட வீட்டிலயும் ஒருத்தரும் இல்லை" என்று உரத்துச் சொன்னார். ஐயா சொன்னார்: "நான் பத்தினனான் அம்மா. அதுக்காக எனக்கு இருமல் குறைவாவே நோகுது?" மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வாக்குமூலத்தை மாமி விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன். புகைக்காத நோயாளி தன்னைத் தப்புவிக்கச் சொல்கிற வசனம் பக்கத்திலிருப்பவர்மேல் தீர்ப்பாக விழுகிறது. தீர்ப்புக்குப் பயந்தவர்கள் வீட்டுக்குள் ஒளித்துக்கொண்டால், சோதனை வேண்டும், மருந்து வேண்டும் என்று வெளியே வந்து கேட்க ஆளில்லை.

ஒளிக்காதவர்களும் உண்டு. நம்மவர்களில் பால் கலாநிதி. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை வைத்தியர், புகைக்காதவர். 2013இல், 36 வயதில், பரவிய நிலையில் நோய் தெரியவந்தது. அவருடைய கட்டியிலும் அதே ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம், ஜெஃபிடினிப்பின் உறவுக் குளிசையான எர்லோடினிப் எடுத்துத் திரும்ப சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனார். பிறகு அது வேலைசெய்யாமற் போனது. 2015 மார்ச்சில் காலமானார். இந்தக் குளிசைகள் காலம் வாங்கித் தருகின்றன, குணம் அல்ல. அந்தக் காலத்தில் அவர் எழுதிய புத்தகம் அடுத்த வருடம் வெளிவந்தது.

இன்னொருவர் ஜானெட் ஃப்ரீமன்-டெய்லி, விண்வெளிப் பொறியியலாளர். 2011இல் நோய். அவருடைய கட்டியில் இருந்தது ரோஸ்-1 என்ற வேறொரு மாற்றம், நுரையீரல் புற்றுநோயாளிகளில் 100க்கு ஒருவர் இருவருக்குத்தான் வருவது. இத்தனை குறைவானவர்களை நம்பி யார் ஆராய்வார்கள்? 2015இல் அவரும் இரண்டு நோயாளிகளும் சேர்ந்து உலகெங்கும் தங்களைப்போன்றவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஆய்வுகூடங்களில் வளர்த்துப் பார்க்கத் தங்கள் கட்டித் திசுக்களையே கொடுக்க முன்வந்தார்கள்.

எனவே அடுத்தமுறை நோயாளி வீட்டுக்குப் போகிறவர்கள் பழைய கேள்வியை விட்டுவிட்டு, "மரபணுச் சோதனை செய்தாச்சோ? துண்டு எடுக்கக் கூட வரவோ?" என்று கேளுங்கள். மாமி சொல்லச் சொன்னது இதுதான்.

பெட் ஸ்கேன் கதை அடுத்த வாரம். 2016இல் தனியொரு தகப்பன், புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த எம்.எஸ்.எச். முஹம்மத், ஏறக்குறைய 20 கோடி ரூபாயைப் பொதுமக்களிடம் திரட்டப் புறப்பட்டார். காசு சேர்ந்தது சுருக்கமான பகுதி. இயந்திரத்தை வாங்கவைக்கப் பட்ட பாடுதான் நீளம். அதற்கு முழு அத்தியாயமும் வேண்டும் என்று ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.