அட்டவணையும் கோடும்

எண்களை நிரைநிரையாக அடுக்கி வைத்துவிட்டால் மட்டும் அவை பேசத் தொடங்கிவிடுவதில்லை. கோடாக வரைந்து பார்க்கும்போதே அவற்றின் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குப் புலனாகின்றன. இதனை 1786ஆம் ஆண்டிலேயே உணர்ந்து காட்டியவர் வில்லியம் பிளேஃபெயர் என்னும் ஸ்கொத்லாந்தியர். இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்ட அவரிடம், தம் தாயகமாகிய ஸ்கொத்லாந்தைப் பொறுத்தவரை ஓராண்டுக் கணக்கு மாத்திரமே இருந்தது. ஓராண்டைக் கொண்டு கோடு வரைவது எங்ஙனம்? கோட்டை விடுத்துச் சலாகைகளை வரைந்தார். இன்று பள்ளிப் பிள்ளைகள் கற்கும் சலாகை வரைபு, இல்லாத கணக்கை இருப்பதாகக் காட்ட விரும்பாத ஒருவரின் நேர்மையிற் பிறந்தது எனலாம்.

நம் காலத்தில் வரைபுத்தாளும் அடிமட்டமும் வேண்டியதில்லை. தோமஸ் வில்லியம்ஸ், கொலின் கெல்லி என்போர் 1986இல் ஆக்கிய ‘குனுபிளொட்’ போன்றதொரு மென்பொருள் இருப்பின், இரண்டு மூன்று வரிகளில் ஒரு செய்நிரலை எழுதிவிடலாம். இக்கோப்பைத் திற, முதல் நிரலைக் கிடையச்சிலும் இரண்டாம் நிரலை நிலைக்குத்தச்சிலும் கொள், புள்ளிகளைக் கோட்டினால் இணை. இவ்வளவே அதன் சாரம். நாளை ஒரு நிரையைச் சேர்த்தாலும் அதே செய்நிரல் கண்ணிமைக்கும் பொழுதில் புதிய வரைபைத் தந்துவிடும்.

இத்தகைய செய்நிரலொன்றை எழுதி, யாழ்ப்பாண மாவட்டத்துக் குடிசன மதிப்பீட்டு எண்களை அதற்குக் கொடுத்துப் பார்த்தேன். எண்கள் ஏறக்குறைய இவை: 1946இல் 4.2 இலட்சம், 1953இல் 4.9, 1963இல் 6.1, 1971இல் 7, 1981இல் 8.3, 2012இல் 5.8 இலட்சம்.

இங்கே முதலிற் கவனிக்க வேண்டியது ஆண்டுகளின் இடைவெளி. அவை முறையே 7, 10, 8, 10, 31 ஆண்டுகள். ஆண்டை வெறும் பெயராகக் கொள்ளும் விரிதாள் வரைபுகள் இவற்றையெல்லாம் சம தூரத்தில் நிறுத்திவிடும். 31 ஆண்டுகள் ஏழாண்டின் அகலத்துக்குள் ஒடுங்கிவிடும். ஆண்டை எண்ணாகவே கொள்ளுமாறு செய்நிரலைப் பணித்தல் வேண்டும்.

அவ்வாறு பணித்தபோது, 1981இலிருந்து 2012 வரை நீண்டதொரு நேர்கோடு சாய்ந்து இறங்கியது. அக்கோட்டின்படி 1995இல் மாவட்டத்தில் 7.2 இலட்சம் பேர் வாழ்ந்தனர். எவரும் எண்ணாத எண் அது! போரின் காரணமாக 1991இல் குடிசன மதிப்பீடே இல்லை. 2001இல் நடந்தது வடக்கில் முழுமை பெறவில்லை. அந்தக் கோட்டின் கீழேதான் 1983 இருக்கிறது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டது இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த இரவும் இருக்கிறது. ஊரே காலியான ஆண்டும் மக்கள் திரும்பி வந்த ஆண்டும் அக்கோட்டில் ஒரே சீரான சரிவாகிவிடுகின்றன.

இன்னுமொன்று உண்டு. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. 1981இன் எண்ணிலிருந்து அப்பகுதியின் ஏறக்குறைய 92 ஆயிரம் பேரைக் கழித்தால் எஞ்சுவது 7.4 இலட்சமே. ஆகவே வீழ்ச்சியில் ஒரு பகுதி மக்கள் குறைந்ததால் வந்ததன்று. எல்லை மாறியதால் வந்தது. துயரத்தையும் நாம் மிகைப்படுத்திக் கூறலாகாது. உள்ள துயரமே போதும்.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. குனுபிளொட்டுக்குத் தரும் கோப்பில் இரு நிரைகளுக்கிடையே ஒரு வெற்று வரியை விட்டால், மென்பொருள் அவ்விடத்தில் கோட்டை முறித்துவிடும். 1981க்கும் 2012க்கும் நடுவே அவ்வெற்று வரியை இட்டேன். 2012இன் புள்ளி தனித்து நின்றது. 1981க்கு நேரே, இன்றைய எல்லைக்குரிய 7.4 இலட்சத்தையும் வேறு நிறத்தில் ஒரு புள்ளியாகக் குறித்தேன். இப்போது வரைபைக் காண்பவர் முதலிற் கேட்கும் கேள்வி, “இடையில் என்ன நடந்தது?” என்பதே. முழுக்கோடு அக்கேள்வியை எழவிடாமல் மூடியிருந்தது.

கணினி வகுப்பில் மாணவருக்கு வரைபு கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த அட்டவணையையே ஒருமுறை எடுத்தாளலாம். கட்டளைகளை ஒரு பாடவேளையில் கற்பித்துவிடலாம். எங்கே கோட்டை நிறுத்த வேண்டும் என்பதைச் செய்நிரல் அறியாது. அட்டவணையின் பின்னாலுள்ள மண்ணையும் மக்களையும் அறிந்தவரே அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.