லயத்து முற்றத்திலும் ஹொக்கி பழகலாம்

மத்திய மாகாணத்தில் ஹொக்கி என்றதும் மாத்தளைதான் நினைவுக்கு வரும். அந்நகரப் பாடசாலைகள் தலைமுறை தலைமுறையாகத் தேசிய அணிக்கு வீரர்களைக் கொடுத்து வந்திருக்கின்றன. அதே மாகாணத்தின் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாத் தோட்டப் பகுதிகளில் மாலையானால் கிரிக்கெட், கரப்பந்து, உதைபந்து என்றுதான் பிள்ளைகள் இறங்குகிறார்கள். ஹொக்கி மட்டையைத் தொட்டுப் பார்க்காமலேயே பாடசாலைக் காலத்தை முடிப்பவர்கள் ஏராளம்.

ஏன் என்று கேட்டால், “கிரவுண்ட் எங்க இருக்கு?” என்ற பதில்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. நியாயமான கேள்வி. முழு மைதானம் 91.4 மீற்றர் நீளம், 55 மீற்றர் அகலம். தேயிலைச் சரிவில் அவ்வளவு சமதரை கிடைப்பது அபூர்வம். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிற்குப் பின்னர் சர்வதேச ஹொக்கி செயற்கைப் புற்றரைக்கு மாறிவிட்டதால் இடைவெளி இன்னும் கூடிவிட்டது. மேடுபள்ளத்தில் பந்து துள்ளும்; பிள்ளையின் கண் பந்தைவிட்டு எழாது.

ஆனால், இந்த விளையாட்டின் அடிப்படைகளான மட்டையால் பந்தைக் கட்டுப்படுத்துவதற்கும் பந்தைக் கடத்துவதற்கும் முழு மைதானம் தேவையில்லை. பத்தடிச் சீமெந்துத் தரை போதும். பாடசாலை மண்டபமோ, வாசிகசாலைத் திண்ணையோ, லயத்து முற்றமோ எதுவானாலும் சரி. ஹட்டன் பக்கத்தில் பிள்ளைகளின் மாலைப் பயிற்சிக்கு உதவிவரும் அனுபவத்தில், கடையில் விற்கும் பயிற்சிக் கருவிகள் செய்யும் வேலையைக் கையில் கிடைக்கும் பொருட்கள் எப்படிச் செய்யும் என்று இங்கே சொல்கிறேன்.

திரும்பும் மட்டை

ஹொக்கி மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தை ஆட முடியும். பந்தை வலமிருந்து இடமாக நகர்த்துவது எளிது. இடமிருந்து வலமாக இழுக்க மட்டையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். திருப்புவது பிடியின் உச்சியிலுள்ள இடது கை. வலது கை தளர்வான வளையம்போல் இருந்து மட்டையைத் தாங்கினால் போதும். புதியவர்கள் வலது கையால் இறுக்கிப் பிடித்து இரண்டு கைகளாலும் முறுக்குவார்கள், மட்டை திரும்பாது.

இதற்கு மருந்து இரண்டு அங்குலப் பீவீசீ குழாய். கைப்பிடி அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, மட்டையின் பிடியில் மாட்டிவிடுங்கள். வலது கை குழாயைப் பிடிக்கட்டும். குழாய்க்குள் மட்டை சுழலும்போது, திருப்ப வேண்டியது இடது கைதான் என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

தலை நிமிர

பிளாஸ்டிக் கூம்புகளுக்குப் பதில் செங்கற்களை ஒரு மட்டையளவு இடைவெளியில் வரிசையாக வைத்து வளைந்து போகச் சொல்லலாம். அது பழகியதும் எதிரே ஒருவர் நின்று விரல்களைக் காட்ட, எத்தனை என்று ஓடுபவர் உரக்கச் சொல்ல வேண்டும். தலை தானாக நிமிரும்.

ஹொக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து இலேசானது, துள்ளும்; முதல் வாரங்களுக்கு மட்டும் போதும். நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கோல்ப் மைதானம் இருக்கிறது. அங்கு கழித்துவிட்ட பந்தொன்று கிடைத்தால் உருட்டிப் பழக நல்லது. சிறிய பந்தோடு பழகிய கைக்குப் பெரிய பந்து அடங்கும். அதை ஓங்கி அடிக்க மட்டும் விடாதீர்கள்.

திருப்பி அனுப்பும் பலகை

இரண்டு மீற்றர் பலகையை விளிம்பில் நிறுத்தி, பின்னால் மண் நிரப்பிய சாக்கை முட்டுக் கொடுத்தால், தனியாகப் பழகும் பிள்ளைக்குத் துணை கிடைத்துவிடும். நேராகத் தள்ளினால் பந்து நேராக வரும். கோணினால் கோணலாக வரும். பிழையைப் பலகையே காட்டிக்கொடுக்கும். தள்ளும்போது உடல் எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற வேண்டும். வாங்கும்போது மட்டையைச் சற்று முன்சாய்த்து, பிடியைத் தளர்த்த வேண்டும். இல்லையேல் பந்து மட்டையிலேறித் துள்ளும். பலகைக்கு முன்னால் இரண்டு செங்கற்களால் வாசல் அமைத்து, வாரந்தோறும் அதன் அகலத்தைக் குறைத்து வரலாம்.

சீமெந்து மட்டையின் தலையை அராவிவிடும், நாடா சுற்றிக்கொள்ளுங்கள். கால் காப்பிலும் வாய்க்காப்பிலும் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

கருவி தராதது

செங்கல் குறுக்கே வந்து பந்தைப் பறிக்காது. யாருக்கு, எப்போது கடத்துவது என்பதை எதிராளிதான் கற்றுத்தருவார். ஆகவே ஒவ்வொரு பயிற்சியும் மூவருக்கு மூவர் ஆட்டத்தில் முடிய வேண்டும். அணிக்கு ஐவர் ஆடும் சிறு ஹொக்கிக்கு 2024 ஜனவரியில் மஸ்கட்டில் முதல் உலகக் கிண்ணமே நடந்தது. அதற்கு ஏறத்தாழ அரை மைதானம் போதும். சுற்றிலும் பலகை, பந்து பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் தொடரும்.

தமிழ்நாட்டில் கோவில்பட்டி பெருநகரமல்ல. ஆயினும் அங்குள்ள விடுதியில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கிண்ணத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார்கள். அவர்களுக்கு மைதானமும் பயிற்றுநரும் தொடர்ந்து கிடைத்தனர். குழாய்த் துண்டும் பலகையும் அதற்கு ஈடாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மைதானம் கேட்பது நம் பிள்ளைகளின் உரிமை, அதை விடக்கூடாது.

ஆனால் அது வரும்வரை காத்திருந்தால், இப்போது ஏழாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை பாடசாலையைவிட்டே போயிருக்கும். கிரிக்கெட்டைவிட மிகக் குறைந்த பாடசாலைகளே ஹொக்கி ஆடுகின்றன. மேல்மட்டத்துக்கு எட்டும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுத் திறமைக்கென்று சிறிய ஒதுக்கீடும் உண்டு. சாதாரண தரத்தோடு ஆடுவதை நிறுத்திவிடும் நம் பெண் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். அதிபர்களிடம் நான் கேட்பது இதுதான்: பத்து மட்டைகளைப் பொதுவில் வாங்கிவையுங்கள், வாரம் மூன்று மாலை மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்.