பெருங்களத்தூரில் பிறந்த சீமை வண்டி

ஆலந்தலைக்கு வரும் அன்பர்கள் கடலைப் பார்ப்பார்கள். கரையேற்றி வைத்திருக்கும் வள்ளங்களைப் பார்ப்பார்கள். ஆலயத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நம் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஓலைக் கொட்டகையை எட்டிப் பார்ப்பவர் வெகு சிலரே. பார்த்தவர்களோ ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஸார், இது எந்தத் தேசத்து வண்டி?"

"பெருங்களத்தூர்!" என்று நாம் பதில் சொன்னால், உபாத்தியாயர் பரிகாசம் செய்கிறார் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

விஷயத்தைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். ரயிலின் முதல் வகுப்பில் இருவர் மட்டும் பிரயாணம் செய்யும் சிற்றறைக்குக் 'கூபே' என்று பெயர் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு 'வெட்டப்பட்டது' என்று பொருள். மோட்டார் உலகிலும் கூபே உண்டு. இரண்டே கதவுகள், சரிந்து இறங்கும் முதுகு, தாழ்ந்த மூக்கு. நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவது போன்ற தோற்றம்! சென்ற நூற்றாண்டின் எண்பதுகளில் ஐரோப்பிய வாலிபர்களின் தூக்கத்தைக் கெடுத்தவை இந்த வண்டிகளே. இங்கிலாந்தில் போர்டு கப்ரி, ஜெர்மனியில் 1980-ம் வருஷம் வெளிவந்த ஆடி குவாட்ரோ, இப்படிப் பல.

நம் தேசத்தில் அப்போது அம்பாஸடரும் பத்மினியுமே ராஜ்யம் செய்தன. அந்நிய வண்டி வேண்டுமென்றால் இறக்குமதி வரி கழுத்தை நெரிக்கும். 1985-ம் வருஷம் மார்ச்சு மாதம் மெல்போர்ன் நகரில் ரவி சாஸ்திரி ஓர் ஆடி 100 வண்டியைப் பரிசாக வென்றார். அது கூபே அல்ல. ஆயினும் நம் வீரர்கள் அதன்மேல் ஏறிக்கொண்டு மைதானத்தை வலம் வந்த காட்சியைத் தேசமே கண்டு பரவசமடைந்தது. அந்த வண்டி 2022-ல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் ஓடியது.

அதே 1985-ல்தான் நம் கதாநாயகனும் சென்னையில் பிறந்தான். 1948-ல் தோன்றி, 1961 முதல் ஹெரால்டு வண்டியைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 'ஸ்டாண்டர்டு 2000' என்ற புதிய வண்டியை வெளியிட்டது. அதன் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 வண்டியுடையது. டேவிட் பேச் என்னும் நிபுணர், இத்தாலியின் பெராரி டேடோனா என்ற கூபேயைக் கண்டு மயங்கி அமைத்த வடிவம் அது. 1976-ல் வெளிவந்து, 1977-க்குரிய 'ஐரோப்பாவின் சிறந்த கார்' என்ற விருதையும் பெற்றது. கதவுகள் ஐந்து, ஆகையால் இலக்கணப்படி கூபே என்று சொல்ல இயலாது. ஆனால் அதன் முதுகுச் சரிவைப் பார்த்தவர்கள் கதவுகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உடம்பு சரி, இருதயம்? சீமையில் அவ்வண்டியின் உயர்ந்த ரகத்துக்கு எட்டு ஸிலிண்டர்களும் 3,528 கன ஸென்டிமீட்டரும் கொண்ட இன்ஜின் அமைந்திருந்தது. சென்னையில் பொருத்தப்பட்டதோ நான்கு ஸிலிண்டர்களும் 1,991 கன ஸென்டிமீட்டரும் கொண்ட பழைய இன்ஜின். நாற்பதுகளில் வான்கார்டு என்ற வண்டிக்காகப் பிறந்த வம்சம் அது. அந்த வம்சத்தார் டிரயம்ப் டி.ஆர்.2 பந்தய வண்டியிலும் ஓடியிருக்கிறார்கள். பெர்குஸன் டிராக்டரில் வயலும் உழுதிருக்கிறார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் குதிரையின் உடம்பில் எருதின் இருதயத்தை வைத்தால் என்ன ஆகும்? விலை அதிகம், வேகம் குறைவு, பெட்ரோல் செலவோ மிக அதிகம். எதிரே 1983 முதல் 796 கன ஸென்டிமீட்டர் மாருதி குருவியைப் போல் பறந்துகொண்டிருந்தது. 1988-ல் ஸ்டாண்டர்டு 2000 உற்பத்தி நின்றது. கம்பெனியும் மூடப்பட்டது. தொழிற்சாலை இருந்த பெருங்களத்தூர் மண்ணில் இன்று கணினி அலுவலகங்கள் எழுந்து நிற்கின்றன.

நம்முடைய மாமா கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். சீமைத் துறைமுகம் ஒன்றில் ரோவரைக் கண்டு, கண்ட மாத்திரத்தில் மனத்தைப் பறிகொடுத்தார். அதே வண்டி நம் ராஜதானியிலேயே தயாராகிறது என்று அறிந்தபோது அவர் அடைந்த பெருமையைச் சொல்லி முடியாது. 1991-ல், ஒருவர் ஓட்டிய வண்டியாகத்தான் அவருக்குக் கிடைத்தது. திருச்செந்தூர்ச் சாலையில் தேரியின் செம்மண் தூசியைக் கிளப்பிக்கொண்டு அது வரும்போது, சிறுவர்களாகிய நாம் பின்னாலேயே ஓடுவோம். மாமா நிறுத்தி, பின் கதவைத் தூக்கி எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொள்வார். அன்று எங்களுக்கு இன்ஜினைப் பற்றி என்ன கவலை?

2011-ல் மாமா காலமானார். வண்டி நம் வசம் வந்தது. கடற்காற்றின் உப்புக்குச் சீமை என்றும் சென்னை என்றும் பேதமில்லை; கதவின் அடிப்பாகம் அப்பளம்போல் உதிர்கிறது. சென்ற தை மாதம் காயல்பட்டினத்திலிருந்து வந்த பழைய இரும்பு வியாபாரி எடை போட்டு விலை சொன்னார். காயலான் கடை என்ற பெயருக்கே அந்த ஊர்தான் மூலம் என்பார்கள்; அதனால் அவர் கணக்கில் பிழை இராது. "வருஷா வருஷம் இதற்கு ஓலை வேய்கிற பணத்தில் அத்தைக்கு ஓர் அறை கட்டலாமே" என்றாள் நம் வீட்டு அம்மாள். நியாயமான பேச்சு. நாமும் அரை மனத்துடன் சம்மதித்துவிட்டோம்.

அப்போதுதான் ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. கம்பெனி மூடிப் பல வருஷங்களுக்குப் பிறகு, அதன் கிடங்கில் கிடந்த ரோவர் உதிரி பாகங்களை இங்கிலாந்து வியாபாரிகளே வந்து வாங்கிப் போனார்கள். அந்த வண்டியை மறக்க முடியாத ஆங்கிலேயர்கள் தங்கள் பழைய ரோவர்களைச் சென்னைச் சரக்கைக் கொண்டு பழுது பார்த்தார்கள்! அப்படியானால் தோற்றது நம் தொழிலாளியின் கை அல்ல. அந்தக் கைக்கு ஏற்ற இருதயத்தைக் கொடுக்காத திட்டமே தோற்றது.

இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொழிற்பயிற்சிப் பள்ளியில் படிக்கும் நம் மருமகப் பிள்ளை கொட்டகைக்குள் போய் முன் மூடியைத் திறந்தான். வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இந்த உடம்பைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, இதற்கு ஏற்ற இன்ஜினைச் செய்யத் தெரியாதா?"

வகுப்பில் இருபது வருஷமாகப் பாடம் சொல்கிறோம். இப்படி ஒரு கேள்வி கிடைப்பது அபூர்வம். வீட்டு அம்மாளிடம் ஒரு வருஷம் தவணை கேட்டு வாங்கியிருக்கிறோம். பையன் ஞாயிறுதோறும் இன்ஜினைக் கழற்றிப் படித்துக்கொண்டிருக்கிறான். அத்தையின் அறை வேறு மூலையில், சற்றுச் சிறிதாக எழும்புகிறது.

காயல்பட்டினத்து நண்பர் கொஞ்சம் காத்திருக்கட்டும். இரும்புக்கு எடை உண்டு. அந்தக் கேள்விக்கு எடை போடும் தராசு அவரிடம் இல்லை.