எச்.பி. டிரிப்: கோடையில் மண்டப ஏசி ஏன் நின்றுபோகிறது?

சித்திரை பிறந்தால் வானிலை ஆய்வு மையம் வெளியிடும் வெப்பப் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரத் தொடங்கிவிடும். வேலூர், ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய ஊர்கள் கூடவே இருக்கும். சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் உள்ளே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் இது. நண்பகலில் சென்னையைத் தொடும் கடற்காற்று இங்கே எட்டிப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சில நாள் வராமலே போய்விடும். அதுவரை மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுதான். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கு யாருக்கும் வியப்பில்லை.

முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும் காலமும் இதுதான். முருகன் மலைக்கோயிலில் தாலி கட்டிவிட்டு ஊருக்குள் மண்டபத்தில் விருந்து வைக்கும் குடும்பங்கள் ஏராளம். பந்தி நடக்கும் நேரத்தில், வெயில் உச்சியில் இருக்கும்போது, மண்டபத்து ஏசி நின்றுவிடுகிறது. மொட்டை மாடிக்கு ஓடும் மெக்கானிக் திரும்பி வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே வார்த்தை: “எச்.பி. டிரிப்.” கேஸின் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறி, உயர் அழுத்த (எச்.பி.) சுவிட்ச் துண்டித்துவிட்டது என்று பொருள்.

மண்டபம், ஜவுளிக்கடை, தங்கும் விடுதி போன்ற பெரிய கட்டடங்களில் இருப்பது பெரும்பாலும் டக்டபுள் வகை ஏசி. உள்ளே இருக்கும் பகுதி குளிர்ந்த காற்றைத் தகரக் குழாய் வழியே கூடத்துக்கு அனுப்புகிறது. கம்ப்ரசர், கன்டென்சர் காயில், பெரிய விசிறி ஆகிய மூன்றும் மொட்டை மாடியில் இருக்கின்றன. கூடத்திலிருந்து எடுத்த வெப்பத்தைக் கேஸ் மேலே கொண்டுவருகிறது; கம்ப்ரசர் அதை அழுத்துகிறது; காயிலின் மீது விசிறி இழுக்கும் காற்று அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. வெப்பம் காற்றுக்குப் போக வேண்டுமானால் கேஸ் அந்தக் காற்றைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். திருத்தணியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஏசியின் டன் அளவை இந்தியத் தர விதிகள் வெளிக்காற்று 35 டிகிரி இருக்கும்போது அளக்கின்றன. அந்த நிலையில் சுத்தமான காயிலுக்குள் கேஸ் சுமார் 50 டிகிரியில் திரவமாகும். இன்று பல இயந்திரங்களில் இருக்கும் ஆர்-410ஏ கேஸுக்கு அப்போது அழுத்தம் 420, 430 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். மே மாதத்து மொட்டை மாடிக் கதை வேறு. வானிலை மையம் நிழலில் அளந்து 42 என்று சொல்லும் நாளில், காய்ந்த கான்கிரீட்டின் மேல் விசிறி இழுக்கும் காற்று 45 டிகிரி கூட இருக்கலாம். கேஸ் 60 டிகிரிக்குப் போகும். அழுத்தம் 540-ஐத் தொடும். காயிலில் புழுதி அடைந்திருந்தால் இன்னும் 5 டிகிரி ஏறும். அழுத்தம் 600-ஐத் தாண்டிவிடும்.

இந்த வகை இயந்திரங்களில் உயர் அழுத்த சுவிட்ச் பெரும்பாலும் 600 முதல் 650 பி.எஸ்.ஐ.க்குள் துண்டிக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். ஆகவே அதே வெயிலில் சுத்தமான இயந்திரம் தப்பித்துக்கொள்கிறது, அழுக்கான இயந்திரம் நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த 5 டிகிரிதான். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலைப் புழுதி இரவும் பகலும் பறக்கும் ஊரில் காயில் அடைபட ஒரு சீசனே போதும்.

அந்தச் சுவிட்ச் என்ன செய்கிறது? கம்ப்ரசருக்கு மின்சாரம் கொடுப்பது கான்டாக்டர். கான்டாக்டரை இழுத்துப் பிடிக்கும் சிறு காயிலுக்குப் போகும் கம்பியில் உயர் அழுத்த சுவிட்ச், குறைந்த அழுத்த சுவிட்ச், ஓவர்லோடு ரிலே, பேஸ் ரிலே எல்லாம் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். எது ஒன்று திறந்தாலும் கான்டாக்டர் விட்டுவிடும், கம்ப்ரசர் நிற்கும். சில சுவிட்ச்கள் அழுத்தம் இறங்கியதும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். சிலவற்றில் யாராவது போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். மாடி ஏற வைக்கிறதே என்று இந்தப் பொத்தான் வகையைப் பலர் வெறுக்கிறார்கள். என் கணிப்பில் அதுதான் நல்ல வகை. காரணத்தைப் பார்க்காமல் இயந்திரம் மறுபடி ஓட அது விடுவதில்லை.

அழுத்தம் ஏறக் காரணம் கன்டென்சர் காயிலின் புழுதி மட்டும் இல்லை. விசிறியின் கெபாசிட்டர் வெயிலில் வெந்து திறன் இழக்கும். விசிறி சுற்றும், ஆனால் மெதுவாக. கெபாசிட்டரின் மேல் அச்சிட்ட அளவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே மாற்றிவிட வேண்டும். விலை அதிகமில்லாத பொருள் அது. பேரிங் தேய்ந்த மோட்டார் சூடேறித் தானே நின்று, ஆறியதும் சுற்றும். மெக்கானிக் வந்து பார்க்கும் நேரத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். பல மாடிகளில் விளம்பரத் தட்டியும் தகரக் கூரையும் யூனிட்டைச் சுற்றி அடைத்துக்கொண்டிருக்கின்றன. வெளியே தள்ளிய சூடான காற்றையே விசிறி திரும்ப இழுக்கிறது.

இன்னொரு காரணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நாமே செய்வது. கூடத்தில் குளிர்ச்சி குறைந்தால் முதலில் வரும் வைத்தியம் “கேஸ் போட்டுடலாம்”. ஏசியில் கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஆனால் பல மண்டபங்களில் கேஸ் குறைவதே இல்லை, உள்ளே இருக்கும் பில்டர்தான் அடைபட்டிருக்கிறது. காற்று போகாமல் உட்புறக் காயிலில் பனி பிடிக்கிறது. குறைந்த அழுத்த சுவிட்ச் துண்டிக்கிறது. அளவுமானியில் அழுத்தம் குறைவாகத் தெரிந்ததும் கேஸை ஏற்றுகிறார்கள். பிறகு பில்டரைக் கழுவியதும், கூடுதலாக ஏற்றிய கேஸ் மாடிக் காயிலில் தேங்கி, அடுத்த வெயிலில் எச்.பி. டிரிப் ஆகிறது. முதலிலேயே பில்டரைக் கழுவியிருந்தால் முடிந்திருக்கும்.

மூன்று பேஸ் மின்சாரம் தனிக் கதை. ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் மீதி இரண்டிலிருந்து ஏறத்தாழ 1.7 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சில நிமிடங்களில் வைண்டிங் கருகலாம். பேஸ் வரிசை மாறினாலும் ஆபத்து. இன்றைய ஸ்க்ரோல் கம்ப்ரசர் ஒரு திசையில்தான் அழுத்தும். தலைகீழாகச் சுற்றினால் கடகடவென்று சத்தம் போடும், குளிர்ச்சி வராது. டிரான்ஸ்பார்மரில் வேலை நடந்த பிறகும், மண்டபம் ஜெனரேட்டருக்கு மாறும்போதும் இது நேரும். வாடகை ஜெனரேட்டரை அவசரமாக இணைக்கும் இடங்களில் இந்தக் கோளாறுகளைக் கண்டு துண்டிக்கும் பேஸ் ரிலே இல்லாமல் ஏசியை ஓட்டவே கூடாது. மின்சாரம் போய் வந்தபின் சுமார் மூன்று நிமிடம் காத்திருக்க வைக்கும் டைமரும் தேவை. அதற்குள் இரு பக்க அழுத்தமும் சமமாகி, கம்ப்ரசர் சுமையின்றிக் கிளம்பும்.

இவ்வளவு காரணங்களையும் தேட முகூர்த்த நாளில் நேரமில்லை. மாப்பிள்ளை வீட்டார் வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள், மேலாளர் கத்துகிறார். “டைரக்ட் பண்ணி விடு” என்கிறார் யாரோ. ஜம்பர் எனப்படும் ஒரு துண்டு ஒயரால் சுவிட்சின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் ஏசி ஓடும். குக்கரின் வால்வை அடைத்துவிட்டு அடுப்பைப் பெரிதாக்குவது போன்ற வேலை அது. வரவேற்பு முடியும் வரை ஓடலாம். அதற்குள் கம்ப்ரசரின் எண்ணெய் கருகும், வைண்டிங்கின் காப்பு உரியும், எரிந்தால் உண்டாகும் அமிலம் குழாய் முழுவதும் பரவும். புதிய கம்ப்ரசர் போட்டாலும் குழாயைச் சுத்தம் செய்து ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றாவிட்டால் அதுவும் போகும். இதைவிடப் பெரிய ஆபத்து, அந்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கின் உயிருக்கு. இப்போது பரவிவரும் ஆர்-32 கேஸ் மிதமாகத் தீப்பற்றக்கூடியது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உடனடி நிவாரணமாகக் காயிலில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். அன்றைக்கு அழுத்தம் இறங்கும் என்பது உண்மை. தினமும் உப்புத் தண்ணீரை அடித்தால் அலுமினியத் தகடுகளில் உப்பு படிந்து, அடுத்த வருடம் காற்றே போகாது. கழுவ வேண்டிய முறை வேறு: மெயினை அணைத்துவிட்டு, உள்ளிருந்து வெளியே, தகடு மடங்காத அளவு மெல்லிய வேகத்தில், நல்ல தண்ணீரால்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. மண்டபங்களுக்கு அதுவே பராமரிப்புக் காலம். தங்கும் விடுதிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது, மலைக்கோயிலின் டிசம்பர் 31 இரவுப் படித் திருவிழாவுக்கு அறைகள் நிரம்பிவிடும். அவர்கள் தை, மாசியில் பார்த்துக்கொள்ளலாம். காயில் கழுவுதல், கெபாசிட்டர் அளத்தல், விசிறி மோட்டாரின் ஆம்பியர் பார்த்தல், ஒவ்வொரு சுவிட்சும் துண்டிக்கிறதா என்று சோதித்தல் எல்லாம் சித்திரைக்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

மண்டப உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்ப் பேனலைத் திறக்கச் சொல்லுங்கள். ஏதாவது சுவிட்சின் மேல் ஜம்பர் ஒயர் இருந்தால், எத்தனை வருடமாக இருந்தாலும், அடுத்த முகூர்த்தத்துக்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.