மேய்ச்சலால் வாழும் காடு

காட்டில் ஆடுமாடுகளை மேயவிட்டால் காடு அழிந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் மேய்ச்சல் நின்றால் தன் உருவையே இழந்துவிடக்கூடிய காடு ஒன்று இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ளது. அதன் பெயர் 'நியூ ஃபாரஸ்ட்', அதாவது 'புதுக்காடு'. பெயர்தான் புதிது, வயதோ 900 ஆண்டுகளுக்கும் மேல்! 1079-ஆம் ஆண்டளவில் முதலாம் வில்லியம் மன்னர் மான் வேட்டைக்காக இதனை ஒதுக்கினார். அக்காலத்தில் 'ஃபாரஸ்ட்' என்பது மரங்கள் அடர்ந்த இடத்தை மட்டுமன்றி, வேட்டைக்கென ஒதுக்கிய நிலம் முழுவதையும் குறித்தது. எனவே ஓக், பீச் மரச் சோலைகளோடு புதர்வெளிகளும் சதுப்பு நிலங்களும் இதில் அடங்கும்.

இதனுள் சற்று நடந்து பார்ப்போமா? மட்டக்குதிரைகள், மாடுகள், கழுதைகள் தம் விருப்பம்போல் திரிகின்றன. இவை காட்டு விலங்குகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. மேய்ச்சல் உரிமை ஆளுக்கு உரியதன்று. அவர் வாழும் வீட்டையும் நிலத்தையும் சார்ந்தது. ஆண்டுக் கட்டணம் செலுத்தியதற்கு அடையாளமாகக் குதிரையின் வால்மயிரைக் குறிப்பிட்ட வடிவில் கத்தரித்து விடுகின்றனர்.

இப்போது மரங்களைப் பாருங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 6 அடி உயரம் வரை இலைகளே இல்லை; கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் ஒரே மட்டம்! விலங்குகளின் வாய் எட்டும் உயரம் அதுதான். அப்படியானால் இளங்கன்றுகள் பிழைப்பது எப்படி? முள் இலைகளை உடைய ஹாலிப் புதரின் நடுவே முளைக்கும் ஓக் கன்றை விலங்குகள் எளிதில் நெருங்குவதில்லை. புதரே கன்றுக்கு வேலி.

இலையுதிர் காலத்தில் பன்றிகளும் வருகின்றன. ஓக் கொட்டைகளில் உள்ள 'டானின்' என்னும் துவர்ப்புப் பொருள், மிகுதியாகத் தின்னும் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சாகிறது. பன்றிகளோ அதனைத் தாங்கவல்லவை. அவை கொட்டைகளைத் தின்று தீர்ப்பதால் மற்ற விலங்குகள் தப்புகின்றன.

மேய்ச்சல் நின்றால் என்ன ஆகும்? புதர்வெளிகளில் பிர்ச், பைன் கன்றுகள் முளைத்து மூடிவிடும். குட்டைப் புல்தரையில் வளரும் கெமமைல் என்ற சாமந்திக் குடும்பச் செடி ஒளியின்றி நலியும். திறந்த வெளியில் தரையிலேயே முட்டையிடும் பக்கி என்னும் இராப்பறவையும் இடம் இழக்கும்.

நடப்பவர்கள் இவ்விலங்குகளுக்குத் தீனி கொடுக்கலாகாது. உணவு தேடிச் சாலையோரம் வந்து நிற்கப் பழகிய குதிரை, இருளில் வாகனத்தில் அடிபட்டு மடியக்கூடும். குட்டியுடன் நிற்கும் குதிரையை நெருங்குவோருக்கு உதையும் கிடைக்கலாம்! நடந்து முடித்தபின் உடலில் உண்ணி ஒட்டியுள்ளதா என்று பார்ப்பதும் அவசியம். அது லைம் நோயைப் பரப்பவல்லது.

2005-இல் இப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. ஆனால் சட்டம் மட்டும் இதனைக் காத்துவிடாது. இங்கு வீடு, நிலங்களின் விலை மிக உயர்ந்துவிட்டதால், கால்நடை வளர்ப்போரின் பிள்ளைகள் இங்கேயே குடியிருப்பது கடினமாகி வருகிறது. அவர்கள் வெளியேறினால் குதிரைகளை மேய்ச்சலுக்கு விடுபவர் யார்? காட்டின் எதிர்காலம் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையில்தான் இருக்கிறது.