காடு இல்லாத பூ

நறுமண மலரை விரும்பாதார் யார்? சத்தியமங்கலம் என்றதும் மல்லிகையும் முல்லையும் நினைவுக்கு வரும். அவற்றோடு மணமேடைக்கும் கோயிலுக்கும் மாலையாகச் செல்வது நிலச்சம்பங்கி. விடியுமுன் அதைப் பறிக்கச் செல்லும் கூலிப் பெண்களுள் என் அன்னையும் ஒருவர். ஒருநாள் அவர், “ஏங் கண்ணு, செடியப் பத்தித்தான படிக்கறே? இந்தப் பூ எந்தக் காட்டுல தானா மொளைக்குது?” என்று கேட்டார். பள்ளிப்படி ஏறாத அவருக்கு என்னால் விடை கூற இயலவில்லை. அதைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நிலச்சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. அங்கு வாழ்ந்த அஸ்டெக் மக்கள் அதனை ‘எலும்புப் பூ’ என்னும் பொருள்பட அழைத்தனர். வெண்ணிற அரும்புகளைக் கண்டோர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். 1521-இல் ஸ்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றினர். அந்நூற்றாண்டிலேயே இதன் கிழங்குகள் ஐரோப்பா சென்றன. பின்னர் நம் நாட்டையும் அடைந்தன. 1753-இல் லின்னேயஸ் இதற்குப் ‘பாலியாந்தெஸ் டியூபரோசா’ எனப் பெயரிட்டார். இன்றைய தாவரவியலார் இதனை ‘அகேவ்’ பேரினத்தில் சேர்த்துள்ளனர். ஆகவே, வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழை இதற்கு நெருங்கிய உறவு! அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்ததே.

வெண்ணிறமும் இரவில் மிகும் மணமும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காகவே அமைந்தவை. ஆனால் அவ்வழைப்பு முதன்முதலில் ஒலித்த காடு எது? மெக்சிகோவிலும் இச்செடி ஐயத்திற்கிடமின்றிக் காட்டில் கண்டறியப்படவில்லை. தோட்டத்தில் மட்டுமே வாழும் செடி இது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். கிழங்கிலிருந்து வளரும் செடி தாய்ச்செடியின் நகலே. ஒன்றைத் தாக்கும் நோய் வயல் முழுவதையும் தாக்கக்கூடும். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘சிருங்கார்’, ‘பிரஜ்வல்’ ஆகிய வகைகளைத் தோட்ட வகைகளைக் கலந்தே உருவாக்கிற்று. நோய் எதிர்ப்பு வேண்டித் தேடிச்செல்ல இதற்குக் காட்டு மூதாதை இல்லை.

மல்லிகையின் காட்டு உறவுகளோ நம் மலைக்காடுகளில் இன்றும் படர்கின்றன. 2013-இல் புலிகள் காப்பகமான அக்காடு, புலிக்கு மட்டுமன்று, பூவுக்கும் காப்பகமே. மாணவ நண்பர்களே, அதைக் காப்பது நம் கடன்.

என் அன்னையிடம் இவற்றைக் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், “அப்ப நாம நடாமப் போனா, அது இல்லாமயே போயிருமா கண்ணு?” என்றார். ஆம், அம்மா. அதுதான் விடை.

— இரண்டாம் ஆண்டு மாணவன், பி.எஸ்சி. தாவரவியல்